உவர் வாய்க்காலில் உக்கும் இலைகுழைகள்: பசளையாவதும் நஞ்சாவதும்

வயலுக்கு இட்ட பசளைக்குக் கமக்காரர் கணக்கு வைத்திருப்பர். வடிகால் வாய்க்காலில் விழுந்து கிடக்கும் வைக்கோலுக்கும், களைக்கும், சருகுக்கும் கணக்கு வைப்பவர் சிலரே. ஆயினும் ஒரு போகத்திற் பயிர் மண்ணிலிருந்து எடுத்த சத்துக்களிற் பெரும்பங்கு அந்த வைக்கோலிலும் சருகிலுமே அடங்கியுள்ளது. அவை நன்னீரில் உக்கும்போது ஒரு விதமாகவும், உவர்நீரில் உக்கும்போது வேறு விதமாகவும் பயன்தருகின்றன. முறை தெரிந்து கையாண்டால் அவை பசளையாகும். கவனியாது விட்டால் அதே பொருள் நீரைக் கறுக்கச்செய்து, நெல்லின் வேரை அழுகச்செய்து, மீனையும் கொன்றுவிடும். கொழும்பைச் சூழ்ந்த கரையோரத் தாழ்நிலங்களில் நெல்லும் கீரையும் பிற மரக்கறிகளும் செய்வோர் இதனை அறிந்து நடத்தல் நன்று.

கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்கள்

வெள்ளவத்தையிற் கால்வாய் நேரே கடலிற் சென்று விழுகிறது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்திற் களனி கங்கை கடலோடு கலக்கிறது. அதற்கும் அப்பால் ஹமில்டன் கால்வாயும், முத்துராஜவெலச் சதுப்பும், நீர்கொழும்புக் கடனீரேரியும் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. தெற்கே பெல்லன்வில, அத்திடிய ஈரநிலங்களும், வெரஸ் கங்கையும், பொல்கொட ஏரியும் உள்ளன. இவற்றோடு தொடுத்த சிறு வாய்க்கால்கள் எண்ணில. நகரச் சந்தைகளுக்கு வரும் கங்குன், பொன்னாங்காணி முதலிய கீரைகளிற் பல இத்தகைய ஈரநிலங்களில் விளைபவையே. ஈரநிலங்களைப் பேணுவதன்பொருட்டுக் கொழும்பு மாநகர் 2018ஆம் ஆண்டில் ராம்சார் சமவாயத்தின் ஈரநில நகரமென ஏற்கப்பட்டது.

இப்பகுதிகளில் ஏப்பிரில், மே மாதங்களிலும், ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. சனவரி முதல் மார்ச்சு வரை மழை குறைவு. மழை குன்றி ஆற்றுநீர் தாழும் காலத்திற் கடல்நீர் வாய்க்கால் வழியே உள்ளே ஏறுகிறது. ஆற்றிலே மணல் மிகுதியாக அகழப்பட்டுப் படுகை தாழ்ந்த இடங்களில் அது இன்னும் தொலைவிற்கு ஏறும். வறட்சிக் காலங்களிற் களனி கங்கையில் அம்பத்தளை வரை உவர் ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடத்திற்கே இடர் விளைந்ததுண்டு.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். உவர்நீர் நன்னீரிலும் பாரமானது. ஆகவே அது வாய்க்காலின் அடியை ஒட்டியே ஏறும். மேல்நீரை நாவில் இட்டுப் பார்த்து நன்னீர் என்று எண்ணுபவருக்கு, சருகும் சேறும் கிடக்கும் அடிப்பகுதி உவராயிருப்பது தெரியாது. உக்குதல் நடைபெறும் இடமோ அந்த அடிப்பகுதியே.

முத்துராஜவெல தரும் பாடம்

முத்துராஜவெல ஒரு காலத்திற் கோட்டை அரசருக்கு நெல் விளைத்துக் கொடுத்த நிலம் என்பது மரபு வழிச் செய்தி. பின்னர் வெட்டிய கால்வாய் வழியே கடனீரேரியின் உவர்நீர் உட்புகுந்து அந்நிலம் பாழாயிற்று. ஒல்லாந்தர் அதனை மீட்க முயன்றனர். ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டு முதல் 1804ஆம் ஆண்டு வரை ஹமில்டன் கால்வாயை வெட்டினர். சதுப்பிலுள்ள உவர்நீரை வடித்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் பழைய நெல்வயல் மீளவில்லை. இன்று அது ஏறக்குறைய 3,068 எக்டேயர் பரப்புள்ள சதுப்பு. அதன் வடபகுதி 1996ஆம் ஆண்டு முதற் சரணாலயமாகவும் உள்ளது.

வாய்க்கால் இருபுறமும் செல்லும் வழி என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது. நீரை வெளியே விடும் அதே வழி உவரை உள்ளே விடும். கதவும் கட்டுப்பாடும் இல்லாத வாய்க்கால் வடிகாலாகாது. யாழ்ப்பாணத்திலே 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டப்பட்டதும் இக்கருத்துப்பற்றியே.

இலை எவ்வாறு உக்குகிறது

நீரில் விழுந்த இலை மூன்று படிகளில் அழிகிறது.

முதலாவது, கரைதல். இலை நனைந்த சில நாட்களுக்குள் அதிலுள்ள வெல்லங்களும், கரையத்தக்க உப்புக்களும் நீரிற் கரைந்து வெளியேறுகின்றன. தேயிலையை வெந்நீரில் இட்டாற் சாயம் இறங்குவதுபோல, வாய்க்கால் நீர் தேநீர் நிறம் கொள்வது இப்படியிலேயே. இதற்கு நுண்ணங்கிகளின் உதவி பெரிதும் வேண்டியதில்லை.

இரண்டாவது, நுண்ணங்கிகள் உண்ணுதல். பங்கசுகளும் பற்றீரியாக்களும் இலையிற் பற்றி, அதன் கலச்சுவரைச் சிறிது சிறிதாக உடைக்கின்றன. மென்மையான இலை விரைவில் உடையும். நாரும் மரத்தன்மையும் உடைய தண்டு நெடுங்காலம் நிற்கும்.

மூன்றாவது, துண்டாதல். நத்தை, இறால், நண்டு, புழு ஆகியன மென்மையான இலையைக் கடித்துத் துண்டாக்குகின்றன. நீரோட்டமும் அதனைச் சிதைக்கிறது. துண்டு சிறிதாக, நுண்ணங்கிகள் பற்றும் பரப்பு மிகுகிறது.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் உக்குவதில்லை. சீமைக்கிளுவை என்னும் கிளிசரியா இலை ஏறக்குறைய மூன்று வாரத்திற் பாதி நிறையை இழந்துவிடும். வைக்கோலுக்குச் சில மாதங்கள் வேண்டும். நாணல், சம்பு என்பவற்றின் தண்டு ஓராண்டு கழிந்தும் கிடக்கக் காணலாம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதமே. கிளிசரியா இலையில் ஒரு பங்கு நைதரசனுக்கு 12 முதல் 15 பங்கு வரை காபன் உண்டு. வைக்கோலிலோ அது 60 முதல் 80 பங்கு வரை ஆகும். விகிதம் 25 அல்லது 30க்கு மேற்பட்டால், நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனைச் சுற்றியுள்ள மண்ணிலும் நீரிலும் இருந்தே எடுத்துக்கொள்ளும். விதைப்பிற்குச் சற்று முன்னர் வைக்கோலைப் புதைத்த வயலில் இளம்பயிர் மஞ்சளிப்பது இதனாலேயே.

மூலகங்கள் வெளிவரும் ஒழுங்கு

இலையில் அடங்கிய மூலகங்கள் யாவும் ஒருங்கே வெளிவருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

பொற்றாசியம் முதலில் வெளியேறும். அது இலையில் எப்பொருளோடும் இறுகப் பிணைந்திருப்பதில்லை. நனைந்தவுடன் கரைந்து, சில நாட்களிற் பெரும்பகுதி போய்விடும். சோடியமும் குளோரைட்டும் அவ்வாறே.

பொசுபரசின் ஒரு பகுதி முதல் வாரங்களிலேயே கரைந்து வெளிவரும். எஞ்சியது நுண்ணங்கிகளின் உடலிற் புகுந்து மெல்ல வெளிவரும். மகனீசியம் இடைநடுவில் வெளிவரும். கல்சியம் கலச்சுவரோடு பிணைந்திருப்பதால், இலை உடைந்த பின்னரே வெளிவரும்.

நைதரசனின் போக்கு வேறானது. வைக்கோல் போன்ற ஏழைச் சருகில் அது முதலிற் குறையாது. நுண்ணங்கிகள் வெளியிலிருந்து நைதரசனை ஈர்ப்பதாற் கூடுவதும் உண்டு. பின்னரே அமோனியமாக வெளிவரும்.

இரும்பும் மங்கனீசும் உக்கும் இலையின்மேற் படிந்து சேர்வதும் உண்டு. ஆகவே வாய்க்காலில் நெடுநாட் கிடந்த சருகில், வீழ்ந்த நாளில் இருந்ததைவிட இரும்பு மிகுந்திருத்தல் வியப்பன்று.

இவ்வொழுங்கு நமக்குப் பணக்கணக்கையும் காட்டுகிறது. ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பொசுபரசும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் அடங்கியுள்ளன. அந்தப் பொற்றாசியத்தைக் கடையில் வாங்க வேண்டுமாயின் 24 முதல் 34 கிலோகிராம் மியூரியேற்றுப் பொற்றாசு வேண்டும். அதாவது 50 கிலோகிராம் மூடையில் ஏறக்குறைய அரை மூடை. வைக்கோலை வாய்க்காலில் எறிபவர் அந்த அரை மூடையைச் சில நாட்களிற் கடலுக்கு அனுப்பிவிடுகிறார். எஞ்சிக் கிடக்கும் நாரோ அவருடைய வாய்க்காலை அடைக்கிறது.

உப்புச் சேரும்போது நேரும் மாற்றம்

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதிற் சல்பேற்று மாத்திரம் 2.7 கிராம் வரை இருக்கும். இந்த உப்பு வாய்க்காலில் ஏறும்போது நான்கு மாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவது, நன்னீர்ப் பூண்டுகள் ஒருங்கே மடிகின்றன. ஆகாயத்தாமரை இந்நாட்டிற்கு 1905ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்டது. அதனை ஒழிக்கவென 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939ஆம் ஆண்டில் வந்தது. இவை இரண்டும் நன்னீரில் அடர்ந்து வளர்வன. உவர் ஏறினால் தாங்கா. மழைக்காலம் முழுவதும் வாய்க்காலை மூடி வளர்ந்தவை வறட்சியில் ஒரு சில வாரங்களுக்குள் இறந்து அடியில் அமிழ்கின்றன. ஓராண்டிற் சிறிது சிறிதாக உக்க வேண்டிய பொருள் ஒருமிக்க உக்கத் தொடங்குகிறது.

இரண்டாவது, நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. உக்கும் பொருள் மிகுதியானால் நுண்ணங்கிகள் ஒட்சிசனை முற்றாக உறிஞ்சிவிடும். உவர்நீர் அடியிலும் நன்னீர் மேலுமாக அடுக்கி நிற்கும் வாய்க்காலில், மேலிருந்து காற்று அடிக்கு எட்டுவதில்லை. விடியற்காலையில் மீன் மேல்வந்து வாய் பிளப்பது இதன் அறிகுறியாகும்.

மூன்றாவது, ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது. ஒட்சிசன் அற்ற சேற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு சருகை உக்கச்செய்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளிவிடுகிறது. நன்னீர்ச் சேற்றிற் சல்பேற்றுக் குறைவாதலால் இது இவ்வளவு மிகுவதில்லை. சல்பைட்டு இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும். இரும்பு போதாத சேதனச் சேற்றில் அது தனித்து நின்று வேரைத் தாக்கும்.

நான்காவது, சேற்றிற் பிணைந்திருந்த சத்துக்கள் கழன்று வருகின்றன. உப்பின் சோடியம் மண்துணிக்கைகளிற் பற்றியிருந்த அமோனியத்தைத் தள்ளிவிடும். சல்பைட்டு இரும்பைப் பற்றிக்கொள்வதால், இரும்போடு இருந்த பொசுபேற்று நீரிற் கலக்கும். ஆகவே வறட்சிக் கடையில் வாய்க்காலில் நிற்கும் கறுப்பு நீரிற் சத்தும் உண்டு. உப்பும் நஞ்சும் உண்டு. சத்தை மாத்திரம் நினைத்து அதனை வயலுக்குப் பாய்ச்சுதல் பெரும் பிழையாகும்.

பயிரில் தோன்றும் அறிகுறிகள்

நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க. வெண்மையும் செம்பழுப்பும் கலந்த வேர் நலமானது. கறுத்து, நொய்ந்து, முட்டை நாற்றம் வீசும் வேர் சல்பைட்டாற் பாதிக்கப்பட்டதாகும்.

கீழ் இலைகளின் நுனியிலிருந்து சிறு செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலை வெண்கல நிறமடைந்தால் அது இரும்பு நஞ்சாகும். ஈரவலயத் தாழ்வயல்களில் இது மிகப் பொதுவானது.

இலைநுனி வெண்மையாகிக் காய்ந்து, பயிர் திட்டுத் திட்டாக மடிந்தால் உவரெனக் கொள்க. மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டும்போது நெல்லின் விளைவு குறையத் தொடங்கும். 7 அளவில் ஏறக்குறையப் பாதியாகும். மரக்கறிகள் அவ்வளவும் தாங்கா. போஞ்சிக்கு எல்லை 1, வெங்காயத்திற்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 2.5. பீற்றூட்டு மாத்திரம் 4 வரை தாங்கும்.

கறுப்புச் சேற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை

“ஐயா, கறுத்த சேறெல்லோ, நல்ல உரம்தானே, வரம்பிலை அள்ளிப் போட்டால் என்ன?” என்று கமக்காரர் கேட்பதுண்டு. நன்னீர்க் குளத்தின் வண்டலுக்கு அது பொருந்தும். உவர் வாய்க்காலின் அடிச்சேற்றுக்குப் பொருந்தாது.

அச்சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனியம் உண்டு. நீருக்குள் இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. அள்ளி வெளியே போட்டுக் காற்றுப் பட்டாற் கந்தகவமிலமாக மாறும். மண்ணின் அமிலத்தன்மை மிகுந்து, பீ.எச். பெறுமானம் 4க்கும் கீழே இறங்கும். அந்நிலையில் அலுமினியமும் இரும்பும் கரைந்து வேரைச் சுடும். முதல் மழையில் அவ்வமிலம் வழிந்து மீண்டும் வயலுக்குள்ளேயே இறங்கும்.

அறிகுறி எளிது. ஒரு கைப்பிடிச் சேற்றைத் தட்டில் இட்டு, ஈரம் முற்றாக வற்றாதபடி சில வாரங்கள் நிழலில் வைக்க. வைக்கோல் போன்ற மஞ்சட் புள்ளிகள் தோன்றினால் அது ஆகாத சேறு. அள்ளுமுன்னரும், அள்ளிச் சில வாரங்களின் பின்னரும் பீ.எச். தாளால் அளந்து பார்த்தல் இன்னும் உறுதி தரும். அத்தகைய வாய்க்காலில் அடிச்சேற்றை ஆழத் தோண்டாது, மேலே கிடக்கும் பூண்டையும் சருகையும் மாத்திரம் நீக்குதல் வேண்டும். முன்னரே அள்ளிப் போட்ட இடத்தில் மண்பரிசோதனை செய்வித்து, கூறப்படும் அளவிற் டொலமைற்று இடுக.

அனுபவம் தந்த இரு முறைகள்

உக்கும் குழையை உவர்நீரிற் பயன்படுத்திய மக்களும் உளர். கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்புக் கழுவப்பட்டபின் நெல் விளைவிக்கின்றனர். அறுவடையிற் கதிரை மாத்திரம் கொய்து, தாளை வயலிலேயே விடுகின்றனர். பின்னர் உவர்நீர் ஏறும்போது அத்தாள் உக்கி இறாலுக்கு உணவாகிறது. இறாலின் கழிவும் உக்கிய தாளும் அடுத்த நெல்லுக்கு எருவாகின்றன. அங்கே கடலின் வற்றும் பெருக்கும் மதகு வழியே நாள்தோறும் நீரை மாற்றுவதாலேயே தாள் நஞ்சாகாது உணவாகிறது. பொக்காளி அரிசிக்கு 2008ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நீர்கொழும்புக் கடனீரேரியில் மீனவர் கண்டல் மரக்கிளைகளை இலையோடு நீரில் நட்டு மீன் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இலை உக்கும்போது அதன்மேற் பாசியும் நுண்ணங்கிகளும் படிய, மீன் அவற்றை நாடி வருகிறது. அவர்கள் இக்கிளைகளை ஆழங்குறைந்த, நீரோட்டமுள்ள இடத்திலேயே நடுவர். ஓட்டமுள்ள நீரில் அளவான குழை உணவு. தேங்கிய நீரில் அளவு மீறிய குழை நஞ்சு என்பதை இவ்விரு முறைகளும் நன்கு காட்டுகின்றன.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. பூண்டை நீர் இனிமையாயிருக்கும்போதே அகற்றுக. திசெம்பர் இறுதியில் அல்லது சனவரித் தொடக்கத்தில், உவர் ஏறுமுன்னர், ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் கரையேற்றுக. அப்போது அவற்றிற் சத்து மிகுதி, உப்புக் குறைவு. உவரில் மடிந்தபின் எடுத்தாற் சத்துக் கரைந்து போயிருக்கும், உப்பு ஊறியிருக்கும். உவர் ஊறிய பூண்டை மழையிற் கழுவலாம் எனினும், சோடியம் வெளியேறும்போது பொற்றாசியமும் கூடவே வெளியேறும். ஒன்றை மாத்திரம் கழுவ இயலாது.

2. அகற்றிய பூண்டைக் கூட்டெருவாக்குக. ஆகாயத்தாமரையில் நூற்றுக்கு 95 பங்கு நீர். 100 கிலோகிராம் பச்சைப் பூண்டிற் கிடைப்பது 5 கிலோகிராம் சருகே. ஆகையால் இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, மேடான இடத்திற் குவிக்க. 15 சதமமீற்றர் பூண்டு, அதன்மேல் வைக்கோல், அதன்மேற் கிளிசரியாக் குழை, அதன்மேற் சாணக்கரைசல் என அடுக்கி, 1.5 மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமுமாகக் கட்டுக. இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புரட்டுக. ஏறக்குறைய மூன்று மாதத்திற் பயன்படும். விதைகொண்ட பூண்டைக் குவியலின் நடுவில், வெப்பம் மிகும் இடத்தில் வைக்க.

3. வைக்கோலை வாய்க்காலில் எறியற்க, வயலிலேயே பரப்புக. உழவிற் புதைப்பதாயின் விதைப்பிற்கு மூன்று நான்கு வாரம் முன்னரே புதைக்க. அதனோடு கிளிசரியா, பூவரசு முதலிய குழையைச் சேர்த்தால் நைதரசன் குறைபாடு நீங்கும். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் குழை தாழ்ப்பதும், பனையோலை புதைப்பதும் இவ்வறிவின்பாற்பட்டவையே. ஆயின் நீர் வடியாத உவர்வயலிற் பச்சைக் குழையை மிகுதியாகப் புதைத்தல் ஆகாது; சல்பைட்டு மிகும். அங்கே உக்கிய கூட்டெருவையே இடுக.

4. முதல் மழைநீரைப் போகவிடுக. ஏப்பிரில் மழை தொடங்கியதும் வாய்க்காலிலிருந்து வரும் கறுப்பு நீரை வயலுக்குள் எடாது, வற்று நேரத்தில் மதகைத் திறந்து வெளியே விடுக. நாற்றம் நீங்கி நீர் தெளிந்தபின்னரே வயலுக்குப் பாய்ச்சுக. கொழும்புக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அரை மீற்றரே. ஆகவே மதகு திறக்கும் நேரம் தவறினால் நீர் வடியாது. உவர் உட்புகவும் கூடும்.

5. அடிநீரைப் பரிசோதிக்க. போத்தலிற் கல்லைக் கட்டி, அடைப்பானுக்கு ஒரு கயிறு தொடுத்து, அடிவரை இறக்கியபின் அடைப்பானை இழுத்தால் அடிநீர் கிடைக்கும். மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே கொண்டு சென்று மின்கடத்துதிறனை அளப்பிக்க.

6. இடைக்கிடை வயலை வடிக்க. முட்டை நாற்றம் தோன்றினால் வயல்நீரை வடித்து, மண் மயிர்போல வெடிக்கத் தொடங்கும்வரை காற்றாடவிட்டு, நன்னீர் பாய்ச்சுக. ஆயின் அடியில் அமிலச் சேறு உள்ள வயலை முற்றாகக் காயவிடலாகாது.

7. ஏற்ற இனத்தைத் தெரிக. உவருக்கு ஏ.ரி. 354, ஏ.ரி. 401 ஆகிய நெல்லினங்கள் ஓரளவு தாங்கும். இரும்பு நஞ்சுள்ள ஈரவலய வயல்களுக்குக் களுத்துறை மாவட்டத்துப் பொம்புவல நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இனங்கள் உகந்தவை.

8. சரணாலய எல்லைக்குள் எதனையும் வெட்டற்க. முத்துராஜவெலச் சரணாலயத்திலும், 1990ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடியவிலும் அனுமதியின்றிப் பூண்டு அகற்றுதலும் மரம் வெட்டுதலும் குற்றமாகும்.

நகரக் கால்வாய்ப் பூண்டு வேண்டாம்

அசேதனப் பசளை இறக்குமதி 2021ஆம் ஆண்டின் மேயிலிருந்து நவெம்பர் வரை தடைப்பட்டிருந்த காலத்திற் சேதனப் பசளைக்குத் தேவை எங்கும் மிகுந்தது. அக்காலத்தில் எழுந்த கேள்விகளுள் ஒன்று, நகரக் கால்வாய்களில் இலவசமாகக் கிடைக்கும் ஆகாயத்தாமரையை எருவாக்கலாமா என்பது. உணவுப் பயிருக்கு ஆகாது என்பதே விடை.

ஆகாயத்தாமரை நீரிலுள்ள ஈயம், கட்மியம், குரோமியம் முதலிய பார உலோகங்களை வேரில் ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. வெள்ளவத்தை, தெஹிவளை, சென் செபஸ்தியன் முதலிய நகரக் கால்வாய்களில் வீடுகளினதும் தொழில்களினதும் கழிவு கலக்கிறது. பூண்டு உக்கிப் போகும், உலோகம் உக்குவதில்லை. மண்ணிற் சேர்ந்த கட்மியம் கீரையின் இலைக்கு எளிதில் ஏறும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் கீரையை வாங்கிச் சமைக்கும் தாய்மார், கட்டைப் பிரித்துப் பார்த்து அதனை அறிய முடியாது. ஆகையால் அவர்களைக் காக்கும் பொறுப்பு விளைவிப்பவருடையதே. நகரக் கால்வாய்ப் பூண்டும் சேறும் கீரைப்பாத்திக்கு எக்காரணத்தாலும் இடப்படலாகாது.

நீரே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை

உம் வாய்க்காலிற் சருகு எவ்வாறு உக்குகிறது என்பதை நீரே அறியலாம். ஆராய்ச்சியாளர் கையாளும் முறையே இது, செலவு சிறிது.

நுளம்புவலைத் துணியில் எட்டுச் சிறு பைகள் தைக்க. நான்கில் நன்றாக வெயிலில் உலர்ந்த வைக்கோல் 100 கிராம் வீதமும், மற்றை நான்கில் உலர்ந்த கிளிசரியா இலை 100 கிராம் வீதமும் இட்டுக் கட்டுக. எல்லாவற்றையும் ஒரு கட்டையிற் பிணைத்து வாய்க்காலின் அடியில் அமிழ்த்துக. இரண்டாம், நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் ஒவ்வோர் இனத்திலும் ஒரு பையை எடுத்து, சேறு போக மெல்லக் கழுவி, முன்போல் நன்கு உலர்த்தி நிறுக்க. வாரத்தையும் நிறையையும் குறித்து வைக்க.

கிளிசரியா விரைந்து குறைவதையும், வைக்கோல் தயங்கி நிற்பதையும் காண்பீர். அயலவர் ஒருவர் நன்னீர் வாய்க்காலிலும், நீர் உவர் வாய்க்காலிலும் ஒரே நாளில் இதைச் செய்தால், உப்பின் விளைவையும் ஒப்பிட்டறியலாம். எடுத்த பையின் நாற்றத்தையும் நிறத்தையும் குறித்தல் மறவற்க. கறுத்து முட்டை நாற்றம் வீசினால், அந்த இடத்தில் நீரோட்டம் போதாது என்பது பொருள்.

உடல்நலம்

வாய்க்காலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலை மறத்தலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் நோயைப் புகுத்தும். வேலை தொடங்குமுன்னர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிய ஆலோசனையைப் பெறுக. காயத்தை மூடி, காலணி அணிந்து இறங்குக. வேலைக்குப் பின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயல்வேலை செய்ததைச் சொல்லி உடனே வைத்தியசாலைக்குச் செல்க. ஐதரசன் சல்பைட்டு நாற்றம் கடுமையாக உள்ள மூடிய மதகறைக்குள் எவரும் தனியே இறங்கலாகாது.

முடிவாக

நெல்லும் கீரையும் எடுத்த சத்து மீண்டும் மண்ணுக்கே திரும்ப வேண்டும். அது திரும்பும் வழியில் வாய்க்கால் குறுக்கிடுகிறது. உவர் ஏறுமுன் பூண்டை எடுத்தலும், வைக்கோலை வயலில் நிறுத்தலும், கறுப்பு நீரைக் கடலுக்கு விடலும், அடிச்சேற்றைக் கிளறாது விடலும் ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்பவருக்குப் பசளைச் செலவு குறையும். வயலும் நெடுங்காலம் வயலாகவே நிற்கும். ஒரு வாய்க்காலைப் பலர் பகிர்வதால், இவ்வேலையை ஒருவர் தனித்துச் செய்து முடிக்க இயலாது. கமக்காரர் அமைப்புக் கூடி, திசெம்பர் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, மதகு தொடங்கி வாய்க்காலின் தலைவரை ஒருங்கே துப்புரவு செய்வதே தக்கது.

மண்பரிசோதனை, நெல்லினம், கூட்டெரு என்பன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ, கமநல சேவை நிலையத்தையோ அணுகுவார்களாக. 1920 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம்.